உள்ளே ஒன்றும் இல்லை என்று சொன்ன சர்வர்

அன்றைக்குச் சங்கத்தில் இருந்தவர்கள்: செயலாளர் ஒருவர். கணக்கர் தரணேந்திர நயினார் ஒருவர். வேலூரிலிருந்து வந்த சாஃப்ட்வேர் இன்ஜினியர் விக்னேஷ் ஒருவர். வராந்தா பெஞ்சில் நெசவுக்காரம்மா சரோஜா ஒருவர். கம்ப்யூட்டர் பிரிவு ஏழுமலை, அதாவது நான், ஒருவன். டீக்கடைக்காரர் கதவு வரைக்கும் வந்து கிளாஸை வைத்துவிட்டுப் போனார். உள்ளே வரவில்லை என்பதால் அவரைச் சேர்க்கவில்லை.

எதற்கு இப்படி ஆள் எண்ணிகினு இருக்கிறான் என்று நினைப்பீர்கள். என் சுபாவம் அப்படி. எந்த வேலை ஆரம்பித்தாலும், பிற்பாடு விசாரணை வந்தால் யார் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று சொல்லத் தெரியவேண்டுமே என்ற கவலைதான் எனக்கு முதலில் வரும். முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். ஒரு விசாரணைகூட வரவில்லை. அத்தனை கவலையும் வீண்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், என் இடத்துக்கு வந்திருக்கிற கௌசல்யா. போன வாரம் போன் பண்ணி, "அண்ணே, எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்தறாங்களாம். பழைய சர்வர்ல ஒரு தடவை பேக்கேஜ் லிஸ்டே காணாமப்போயி அப்கிரேட் பண்ணீங்களாமே, இன்னா ஆச்சி? இங்க கேட்டா அப்படி ஒண்ணும் நடக்கலன்றாங்க" என்று கேட்டது. நடக்கவில்லையாம். அன்றைக்கு எனக்கு ஏறிய ரத்த அழுத்தம் இன்னும் இறங்கவில்லை, மாத்திரை சாப்பிட்டுகினு இருக்கிறேன். இதெல்லாம் நடக்காத விஷயத்துக்கா?

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். முதலில் தறி மேல் மாட்டுகிற ஜக்கார்டுக்கு டிசைன் அட்டை குத்துகிற வேலை. ஓட்டை விழுந்தால் நூல் ஏறும், விழாவிட்டால் ஏறாது. ஒரு ஓட்டை தப்பாகக் குத்திவிட்டால் மயில் கழுத்தில் மச்சம் வந்துவிடும். அந்த பயத்திலேயே வளர்ந்தேன். பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பெருக்கித் துடைக்கப் போனேன், அங்கேயே டைப்பிங்கும் மற்றதும் ஒட்டிக்கொண்டன. அப்புறம் இந்தப் பட்டு நெசவாளர் சங்கம். சங்கத்தின் பேர் வேண்டாம். ஆரணியில் சங்கத்துக்கா பஞ்சம், ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கூலி, நூல் இருப்பு, நெசவாளர் சேமிப்பு நிதி, எல்லாம் ஒரு லினக்ஸ் சர்வரில் இருந்தன. அதற்குக் காவல்காரன் நான். பயிற்சி இவ்வளவுதான். மீதியெல்லாம் பயந்து பயந்து கற்றுக்கொண்டது.

செயலாளரைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அவர் இல்லாமல் இந்தக் கதை இல்லை. எம்.காம். படித்தவர். சட்டையில் ஒரு மடிப்பு இருக்காது. குரல் உயர்த்த மாட்டார். யாரையும் திட்டிப் பார்த்ததில்லை. அவரிடம் இரண்டு வார்த்தைகள்தான் உண்டு. ஒன்று "நாம". "நாம பண்ணிடலாம்" என்றால் நீ பண்ணு என்று அர்த்தம். "நாம பண்ணோம்" என்றால் அது நன்றாக முடிந்துவிட்டது, நான் பண்ணினேன் என்று அர்த்தம். இரண்டாவது, "பாத்துப் பண்ணுங்க". எதைக் கேட்டாலும் இதுதான் உத்தரவு. எழுத்தில் ஒன்றும் வராது. சார், இந்த ஒயரைப் பிடுங்கட்டுமா? பாத்துப் பண்ணுங்க. பிடுங்காமல் விடட்டுமா? பாத்துப் பண்ணுங்க. வேலை முடிந்தால் அவர் சொல்லி முடிந்தது. கெட்டுப்போனால், "நான்தான் பாத்துப் பண்ணச் சொன்னேனே" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வார். இப்படி ஒரு கவசத்தை ராஜாக்கள்கூடப் போட்டிருக்க மாட்டார்கள்.

அவருக்கு ஒரே ஒரு எதிரி உண்டு. பழைய சாமான். வந்த முதல் வருஷமே நெசவாளர்களின் பாஸ்புக்கை ஒழித்துவிட்டார். இனிமேல் சேமிப்பு வரவு எல்லாம் போனில் மெசேஜாக வருமாம். "காகிதம் இல்லாத சங்கம்" என்று பேர் வைத்தார். அதை அறிவிக்க வீடு வீடாக நோட்டீஸ் அடித்துக் கொடுத்தோம். அந்த நோட்டீஸ் கட்டு ஒன்று இன்னும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. பலகாரத்தில் எண்ணெய் உறிஞ்ச நல்ல காகிதம்.

இனி விஷயம். தீபாவளிக்கு முன்னால் பேங்கிலிருந்து தகவல் வந்தது. உங்கள் சர்வர் ரொம்பப் பழசு, அதிலிருந்து வருகிற பணப் பட்டுவாடாவை இனிமேல் ஏற்க முடியாது, சாஃப்ட்வேரைப் புதுசாக்குங்கள் என்று. தீபாவளிக்கு போனஸும், கேட்டவர்களுக்குச் சேமிப்புப் பணமும் போகவேண்டிய நேரம். சேமிப்பைக் கேட்டு முதலில் எழுதிக் கொடுத்திருந்தது சரோஜா.

அந்தம்மாவுக்கு அவசரம் இருந்தது. குடியிருந்த வீட்டை இடிக்கப் போகிறார்கள். குழித்தறி போடுகிறவர்களுக்கு வாடகை வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. டைல்ஸ் போட்ட கூடத்தில் குழி தோண்ட எந்த வீட்டுக்காரர் விடுவார்? சேவூரில் ஒருத்தர் எப்படியோ சம்மதித்திருந்தார். "நாளைக்குள்ள அட்வான்ஸ் குடுக்கலன்னா வேற ஆளுக்கு விட்டுடுவேன்னு சொல்லிட்டாருண்ணா" என்று காலையிலேயே வந்து வராந்தாவில் உட்கார்ந்துவிட்டது. தறி நின்றால் வீட்டில் அடுப்பும் நிற்கும். அந்தம்மாவின் சேமிப்பு எவ்வளவு என்பது உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. அந்தச் சர்வரில்.

விக்னேஷ் வந்தான். நல்ல பையன், கெட்டிக்காரன். தோளில் பை, காதில் ஒரு வெள்ளைக் குச்சி. நாற்காலியில் உட்கார்ந்து, "சிம்பிள் வேல அண்ணே, மத்தியான சாப்பாட்டுக்கு வேலூர் போயிடுவேன்" என்றான். நான் போய் யூ.பி.எஸ். விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். திரும்ப ஒரு தடவை பார்த்தேன்.

இங்கே ஒரு விளக்கம். லினக்ஸில் ஒவ்வொரு சாஃப்ட்வேரும் ஒரு பொட்டலமாக வந்து இறங்கும். பேக்கேஜ் என்பார்கள். எந்தப் பொட்டலம் உள்ளே இருக்கிறது, எத்தனையாவது பதிப்பு, எது எதை நம்பி நிற்கிறது என்று மெஷின் தானே ஒரு பதிவு வைத்திருக்கும். அப்கிரேட் பண்ணும்போது அந்தப் பதிவைப் பார்த்துத்தான் பழசின் இடத்தில் புதுசை வைக்கும். தறியில் பழைய பாவு, அதாவது நீள நூல், முடிகிற இடத்தில் புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்போமே, அது மாதிரி. எந்த இழை எங்கே போகிறது என்று தெரியாமல் பிணைத்தால் என்ன ஆகும்? சேலை வராது, சிக்குதான் வரும்.

விக்னேஷ் ஒரு கட்டளை தட்டினான். உள்ளே என்னென்ன பேக்கேஜ் இருக்கிறது, சொல்லு என்று. மெஷின் யோசிக்கவே இல்லை. ஒன்றும் இல்லை என்றது.

திரும்பத் தட்டினான். ஒன்றும் இல்லை.

கூலி புரோகிராம் ஓடிகினு இருக்கிறது. நயினார் அடுத்த அறையில் அதில்தான் கணக்குப் பார்த்துகினு இருக்கிறார். மெஷினோ எனக்குள்ளே ஒன்றுமே இல்லை என்கிறது. உயிரோடு நிற்கிற ஆளுக்கு ரேஷன் கார்டில் பேர் இல்லாத மாதிரி.

செயலாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "கிளீனா இருக்குன்னு சொல்லுது போல. நல்லதுதானே?" என்றார்.

விக்னேஷ் காதிலிருந்த குச்சியைக் கழற்றினான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அவன் மத்தியானச் சாப்பாடு வேலூரில் இல்லை என்று. பதிவு இருக்கவேண்டிய கோப்புறையைத் திறந்தான். காலி. பதிவு மாறும்போதெல்லாம் மெஷின் தானாக எடுத்துவைக்கிற நகல் இருக்கவேண்டிய இடத்தைத் திறந்தான். அதுவும் காலி. எந்தப் பேக்கேஜை எப்போது இறக்கினோம் என்று மெஷின் எழுதிவைக்கிற இடத்தைத் திறந்தான். சுத்தம், துடைத்துவைத்த தட்டு. மூன்று இடமும் கடைசியாக மாறிய தேதி மட்டும் ஒன்றாக இருந்தது.

"சார், ஆயுத பூஜைக்கு மொதநாள் யாராவது இதுல கை வெச்சாங்களா?"

"கிளீனிங் பண்ணோம்" என்றார் செயலாளர்.

"யாரு சார் பண்ணது?"

"நாமதான்."

எங்களூரில் ஆயுத பூஜை என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. தறி, நாடா, அச்சு, தராசு, டெம்போ, எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்போம். அந்த வருஷம் என்னைக் கூடத்து ஃபேன்களைத் துடைக்க ஏணி மேல் ஏற்றிவிட்டு, செயலாளர் சர்வருக்குத் தானே பொறுப்பு எடுத்துக்கொண்டார். வெளியே துடைத்து விபூதிப் பட்டை போட்டார். அதோடு நிறுத்தியிருந்தால் அந்தச் சாமியே அவரைக் காப்பாற்றியிருக்கும். டிஸ்கில் இடம் குறைவு என்று ஒரு எச்சரிக்கை வந்திருந்தது. வெளியே மட்டும் சுத்தம் பண்ணினால் போதுமா, உள்ளேயும் பண்ணுவோம் என்று உட்கார்ந்துவிட்டார். சங்கத் தலைமை என்பதால் முழு அதிகார பாஸ்வேர்டு அவரிடம் இருந்தது. வாய்க்குள் நுழையாத பேரில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள். ஒன்றை நாலு வருஷமாக யாரும் தொடவில்லை என்று தேதி காட்டியது. தொடாத சாமான் குப்பை. பழைய நகல்கள்? பழசு, அதிலும் நகல், கேட்கவே வேண்டாம். ஒட்டடை அடித்த மாதிரி அடித்துத் தள்ளிவிட்டார். பிறகு சர்வர் முன்னால் எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்தார்.

உலகத்தில் எத்தனையோ பேர் சர்வரைக் கெடுத்திருப்பார்கள். வைரஸ் கெடுத்திருக்கும், எலி கெடுத்திருக்கும். பக்தியோடு கெடுத்தது நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

"இப்ப இன்னா பண்றது?" என்று கேட்டேன்.

விக்னேஷ் தலையைச் சொறிந்தான். "ரெண்டு வழி இருக்குதுண்ணே. ஒண்ணு, ஃபார்மேட் பண்ணிட்டு எல்லாத்தையும் மொதல்லேர்ந்து போடறது. கூலி புரோகிராம் சிடி இருக்குதா?"

இல்லை. அதை எழுதியவர் செய்யாறில் ஒரு கம்பெனியில் இருந்தார். இப்போது எந்த நாட்டில் இருக்கிறார் என்று அவர் மாமியாருக்கே தெரியாது.

"அப்ப ரெண்டாவது. பதிவு காலியா இருந்தா இருக்கட்டும்னு ஃபோர்ஸ் பண்ணி அப்கிரேட் ஓட்டறது. மெஷினு காலி வீடுன்னு நெனச்சிகினு எல்லாத்தையும் புதுசா எறக்கும். டேட்டாபேஸும் புதுசு எறங்கிடும். புதுசு பழைய கணக்கத் தெறக்குமான்னா, தெறக்காதுண்ணே."

செயலாளருக்கு ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது. "புதுசா எறங்கிடும்னா நல்லதுதானே. ஜல்தியா முடியுமா?"

"ஜல்தியா முடியும் சார். கணக்கும் ஜல்தியா முடிஞ்சிடும்."

"பாத்துப் பண்ணுங்க."

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று ஆபீசில் சொல்வார்கள். உண்மைதான். கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று பார்க்கப் பாதி வழியில் டி.வி.எஸ்.ஐத் திருப்புகிறவன் நான். ஆனால் அன்றைக்கு என் பயத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. "தம்பி, எதுவா இருந்தாலும் மொதல்ல முழுசா ஒரு காப்பி எடுத்துடலாம். இந்தப் பொட்டியத் தொட வேணாம். காப்பிய வேற பொட்டியில போட்டு, அதுல பண்ணிப் பாக்கலாம்" என்றேன். விக்னேஷ் சரி என்றான். பில் போடுகிற பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. ஆனால் காப்பி எடுக்க ஹார்ட் டிஸ்க் இல்லை.

"சார், ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கணும்."

"மூணு கொட்டேஷன் வாங்கி வெச்சா, அடுத்த போர்டு மீட்டிங்ல நாம வெச்சிடலாம்" என்றார் செயலாளர். பதிவைத் துடைத்துப் போட ஒரு கொட்டேஷனும் தேவைப்படவில்லை. சேமிப்பைக் காப்பாற்ற மூன்று வேண்டும்.

நான் வெளியே வந்தேன். சரோஜா எழுந்து நின்றது. "இன்னாண்ணா, முடிஞ்சிதா?"

"இல்லம்மா, தோ வந்துட்றேன்" என்று வண்டியை எடுத்துகினு பஜாருக்குப் போனேன். கையில் தீபாவளித் துணிக்கு வைத்திருந்த பணம் இருந்தது. ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். பில்லை என் பேரில் போடுவதா, சங்கத்தின் பேரில் போடுவதா என்று கடைக்காரர் கேட்டார். அங்கே நின்று அதற்கும் கவலைப்பட்டேன். சங்கத்தின் பேரில் போடச் சொன்னேன்.

காப்பி ஓடும்போதுதான் விக்னேஷ் அந்த இடத்தைக் கண்டுபிடித்தான். ஒவ்வொரு பேக்கேஜும் இறங்கும்போது தன்னோடு ஒரு விளக்கக் கோப்பைக் கொண்டுவந்து ஒரு மூலையில் போட்டுவிடும். யார் எழுதியது, என்ன உரிமை, எந்தப் பதிப்பில் என்ன மாற்றம் என்று. பேக்கேஜுக்கு ஒரு கோப்புறை. யாரும் படிப்பதில்லை. அந்த மூலை மட்டும் துளி கலையாமல் அப்படியே இருந்தது.

"இத்த மட்டும் ஏன் சார் விட்டு வெச்சீங்க?" என்று கேட்டான்.

"அது டாக்குமென்ட்ஸ்னு போட்டிருந்தது. டாக்குமென்ட்டைத் தொடலாமா?" என்றார் செயலாளர், நாங்கள் கொலை பண்ணச் சொன்ன மாதிரி.

இருபது வருஷம் ஆபீஸ் உத்தியோகம் பார்த்தவர். புழங்குகிற பதிவை அழிப்பார். ஒருத்தரும் படிக்காத டாக்குமென்ட் என்றால் அவருக்குத் தனி மரியாதை. அந்த மரியாதைதான் எங்களைக் காப்பாற்றியது. கோப்புறைப் பேர்தான் பேக்கேஜ் பேர். உள்ளே இருக்கிற மாற்றக் குறிப்பின் முதல் வரியில் பதிப்பு எண். விக்னேஷ் ஒரு சின்ன புரோகிராம் எழுதி, அத்தனை முதல் வரிகளையும் உருவி எடுத்தான். என்னென்ன இருந்தது என்ற பட்டியல் திரும்பக் கிடைத்துவிட்டது. அதில் இருக்கிற அதே பதிப்புகளை, இன்டர்நெட்டில் பழைய பேக்கேஜ்களைச் சேர்த்துவைத்திருக்கிற இடத்திலிருந்து இறக்கி, இருப்பதன் மேலேயே ஒரு தடவை வைத்தால், மெஷின் தன் பதிவை ஒழுங்காக எழுதிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் அப்கிரேட்.

முதலில் காப்பியில். பில் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்கை மாட்டினோம், ஓடியது. பேக்கேஜ்கள் ஒவ்வொன்றாக இறங்கின. இடையிடையே மெஷின் ஒரு கேள்வி கேட்கும். இங்கே ஏற்கெனவே ஒரு அமைப்புக் கோப்பு இருக்கிறது, அதை வைத்துக்கொள்ளட்டுமா, புதுசை வைக்கட்டுமா? புதுசு வேண்டாம், பழசே இருக்கட்டும் என்று ஒவ்வொரு தடவையும் 'நோ'வின் முதல் எழுத்தான 'என்' தட்டவேண்டும். நான் விக்னேஷ் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "என் போடு தம்பி, என் போடு" என்று சொல்லிகினே இருந்தேன்.

"அண்ணே, நீங்க சொல்லாட்டியும் அத்தத்தான் போடுவேன். போயி யூ.பி.எஸ்.ஸ பாத்துட்டு வாங்க" என்றான்.

போனேன். அந்த நேரம் பார்த்து விக்னேஷுக்கு வீட்டிலிருந்து போன். ஜன்னல் பக்கம் திரும்பிப் பேசினான். மெஷின் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தது. செயலாளர் பக்கத்தில் நின்றார். ஒரு பெட்டி, பழசா புதுசா என்று கேட்கிறது. அந்த மனுஷனிடம் போய்!

'ஒய்' தட்டிவிட்டார்.

அது டேட்டாபேஸின் அமைப்பு. கணக்குகள் எந்த இடத்தில் இருக்கின்றன என்று அதில்தான் எழுதியிருக்கும். புதுசு வந்ததும் அது வேறு ஒரு காலி இடத்தைக் காட்டியது. நாங்கள் கூலி புரோகிராமைத் திறந்து சரோஜாவின் எண்ணைப் போட்டோம். பேர் வரவில்லை. சேமிப்பு என்ற கட்டத்தில் பூஜ்யம்.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். காப்பிதான் என்று எனக்கே தெரியும். பக்கத்து மேசையில் அசல் சர்வர் பத்திரமாக இருக்கிறது என்றும் தெரியும். இருந்தும் எழுந்து போய் அதன் விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன்.

விக்னேஷ் மெதுவாகக் கேட்டான். "சார், எத்த அழுத்துனீங்க?"

"நாம... புதுசு வேணுமான்னு கேட்டுது."

"சார், நாம நாமன்னு சொல்லாதீங்க சார். நான் ஜன்னலாண்ட இருந்தேன். அண்ணன் யூ.பி.எஸ்.ஸாண்ட இருந்தாரு."

அந்த அறையில் அவரிடம் அப்படி யாரும் பேசியதில்லை. செயலாளர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். "நான்தான் பாத்துப் பண்ணச் சொன்னேனே" என்றார். யாரிடம் சொன்னார் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

திரும்ப முதலிலிருந்து காப்பி. நயினார் வந்து கதவில் நின்றார். எங்கள் பக்கத்துச் சமணக் குடும்பம், விளக்கு வைத்த பிறகு சாப்பிடாதவர். பணம் அனுப்பும்போது கையெழுத்துப் போடவேண்டியவர் அவர்தான். அவர் சாதாரணமாகச் சூரியன் சாய்வதற்குள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். நான் ஜன்னலைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், திரையில் காப்பி ஓடுகிற கோட்டைப் பார்த்தேன்.

"இன்னா ஏழுமலை, சூரியன நீயே புடிச்சி நிறுத்தப் போறியா?" என்றார். "போயி உன் வேலயப் பாரு. ராத்திரிக்கு ஒண்ணும் வேணாம் எனக்கு. ஒரு வேள பட்டினி கெடந்தா நயினார் செத்துட மாட்டான்."

இந்த முறை காப்பியில் எல்லாம் சரியாக வந்தது. சரோஜாவின் பேரும் வந்தது, தொகையும் வந்தது. இனி அசலில் பண்ணவேண்டும். அதற்கு ஒரே ஒரு தடைதான் இருந்தது. அது சட்டை கசங்காமல் என் பக்கத்தில் நின்றது.

"சார், வெளிய அந்தம்மா காலையிலேர்ந்து உக்காந்துகினு இருக்குது. நீங்க போயி ரெண்டு வார்த்தை சொன்னா தைரியமா இருக்கும்" என்றேன். போனார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். என் சர்வீஸில் நான் பண்ணிய மிகப் பெரிய தொழில்நுட்ப வேலை அதுதான்.

கதவுக்கு வெளியே பேச்சு கேட்டது.

"இன்னா சார், என் துட்டு அதுல கீதா, இல்லியா?"

"அது வந்தும்மா, நாம ஒரு சிஸ்டம் மேம்பாடு..."

"அதெல்லாம் வேணாம் சார். கீதா, இல்லியா?"

"பாத்துப் பண்ணிகிட்டு இருக்கோம்."

"நீ இன்னாத்துக்கு சார் பாக்கற? நீ பாத்ததாலதான் பாஸ்புக்கு போச்சி. கையில ஒரு பொஸ்தகம் இருந்திருந்தா இப்பிடி பெஞ்ச தேச்சிகினு இருப்பனா? வாரா வாரம் கூலியில புடிச்சீங்க இல்ல, அப்ப மட்டும் மிசினு கரெக்டா வேல செஞ்சிச்சா?"

விக்னேஷ் 'என்' தட்டிகினே சிரித்தான். எனக்குச் சிரிக்கத் தைரியம் இல்லை. அசல் சர்வரில் ஓடுகிறது, கரண்டு போனால்? யூ.பி.எஸ். பேட்டரி இறந்தால்? பல்லி ஒயர் மேல் விழுந்தால்? கையில் இருக்கிற எல்லாக் கவலைகளையும் வரிசையாகப் பட்டு முடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. விக்னேஷ் மெஷினிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டான். இந்தத் தடவை பக்கம் பக்கமாகச் சொல்லியது. டேட்டாபேஸை மட்டும் நகராதே என்று பழைய பதிப்பிலேயே பிடித்து நிறுத்திவிட்டு, மற்றதையெல்லாம் புதுசாக்கினான். பேங்க் பக்கம் திறந்தது.

உள்ளேயே உட்கார்ந்திருந்த நயினார், கையெழுத்துக்கு உண்டான எண்ணைத் தட்டினார். வெளிச்சம் ஜன்னல் கம்பியில் இருந்து போய்விட்டிருந்தது. வராந்தாவில் சரோஜாவின் போன் கிண் என்றது. நான் தாழ்ப்பாளைத் திறந்தேன். அந்தம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து எண்களை ஒவ்வொன்றாகப் படித்தது. திரும்ப ஒரு தடவை படித்தது.

"வந்துச்சிண்ணா" என்றது. நன்றி, கின்றி ஒன்றும் இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு சேவூர் பஸ்ஸுக்கு ஓடியது. அதன் பணத்தை அதுக்குக் கொடுத்ததற்கு எதற்கு நன்றி?

அந்த வாரமே அங்கே குழி தோண்டிவிட்டார்கள். மண்ணை அள்ள அந்த வீட்டுக்காரரே ஆள் விட்டாராம். தீபாவளி முடிந்து அந்தம்மா முதல் சேலையைத் தறியிலிருந்து அறுத்துக் கொண்டுவந்தபோது நான்தான் வரவு வைத்தேன். மெஷின் ஒழுங்காக ஏற்றுக்கொண்டது.

போர்டுக்குச் செயலாளர் ஓர் அறிக்கை கொடுத்தார். "ஆயுத பூஜைத் தூய்மைப் பணியின் தொடர்ச்சியாக சர்வர் முழுமையாகச் சீரமைக்கப்பட்டு மேம்படுத்தப்பட்டது" என்று. பொய் ஒரு சொல்கூட இல்லை, படித்துப் பாருங்கள். போர்டு பாராட்டியது. சால்வை போட்டார்கள். "நாம எல்லாரும் சேர்ந்து" என்று பேசினார். விக்னேஷ் பேர் வந்தது, விஜயன் என்று.

நான் ஹார்ட் டிஸ்க் பில்லை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். "எதுக்கு வாங்கினதுன்னு காரணம் எழுதணுமே ஏழுமலை."

"பேக்கேஜ் பதிவு அழிஞ்சிபோச்சி, காப்பி எடுக்க வாங்கினதுன்னு எழுதிக்கலாம் சார்."

"அழிஞ்சதா? அப்படி ஒண்ணும் போர்டுக்குப் போகலையே. நடக்காத விஷயத்துக்கு நாம எப்படிச் செலவு காட்டறது? அதுவும் கொட்டேஷன் இல்லாம." கொஞ்ச நேரம் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். "சரி, வெச்சிட்டுப் போங்க. பாத்துப் பண்ணலாம்."

அடுத்த செயலாளர் வந்தார். முந்தைய காலத்துப் பாக்கி என்றார். தணிக்கைக்காரர் வந்தார், ஆதாரம் போதாது என்றார். அதே தணிக்கைக்காரர் அலமாரியைத் திறந்து, கணக்கில் வராத ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கிறதே என்று கண்டுபிடித்து, சங்கச் சொத்து என்று எண் எழுதி ஒட்டச் சொன்னார். ஒட்டியது நான்தான். ஓய்வு பெறுகிற அன்றைக்கு எனக்குக் கொடுத்த பாக்கியில்லாச் சான்றில், நான் சங்கத்துக்கு ஒன்றும் தரவேண்டியதில்லை என்று எழுதியிருந்தது. சங்கம் எனக்குத் தரவேண்டியதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

கௌசல்யா, கிளவுடுக்கு மாற்றும்போது உன் அலமாரியில் எண் ஒட்டிய அந்த டிஸ்கைப் பார்ப்பாய். நடந்ததா இல்லையா என்று இனிமேல் யாரிடமும் கேட்கவேண்டாம், அதைத் தொட்டுப் பார். சங்கச் சொத்துதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்காகச் சங்கம் ஏழுமலைக்குத் தரவேண்டிய பாக்கி நாலாயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய்.